நாயின் அடிவயிற்றில் காணும் நமைச்சல்

(ராசிங்காபுரம் வட்டாரத்து ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஐக்கிய சங்கக் கூட்டம் என்றால் கடன், தவணை, பங்குத் தொகை, உரம் இவற்றைப் பற்றியே பேச்சு நிகழ்வது வழக்கம். அப்படியிருக்க, நாயின் வயிற்றைப் பற்றி ஒரு பிரசங்கம் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் தங்கள் தோட்டத்துக் காவலை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம். கிணற்றடி மோட்டாரையும் அதன் கம்பியையும் இரவெல்லாம் காப்பது எது? நிலக்கடலையில் காட்டுப்பன்றி இறங்கினால் முதற் குரல் கொடுப்பது எது? அதற்குக் கூலி கிடையாது. மிஞ்சிய சோறும் ஒரு பழைய சாக்குமே அதன் சம்பளம். அந்தப் பிராணி ஒரு மாத காலம் நமைச்சலால் உறங்காமல் மெலிந்துபோனால் நஷ்டம் யாருக்கு என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

மேலும் இது நாய்க்குப் பேர்போன பிரதேசம். ராசிங்காபுரத்திலிருந்து தேவாரம், பண்ணைப்புரம் வழியே தெற்கே சென்றால் வரும் கோம்பை, தன் பெயரையே ஒரு நாயினத்துக்கு அளித்த ஊர். குட்டை மயிரும், செம்பழுப்பு நிறமும், கருத்த முகவாயும் உடைய கோம்பை நாயை முற்காலத்தில் பன்றி வேட்டைக்கு அழைத்துச் செல்வார்கள். மலையடிவாரத்துத் தோட்டங்களில் இன்றும் அவ்வினத்தின் கலப்பைக் காணலாம். குட்டை மயிர் உஷ்ணத்துக்கு நல்லது. ஆனால் நாயின் உடல் முழுவதிலும் மயிர் மிகக் குறைந்த இடம் அடிவயிறும், தொடையிடுக்கும், முன்காலின் அக்குளுமே. நாய் படுக்கும் தரை, சாக்கு, நடந்து போகும் வழியிலுள்ள ஈரப்புல், மருந்து தெளித்த செடி இவை யாவும் முதலில் தீண்டுவது அந்த மயிரற்ற தோலைத்தான். ஆகையால் வயிற்றில் ஒரு சிவப்புக் கண்டால், நாயை மட்டும் பார்ப்பது போதாது. அது படுத்த இடத்தையும் பார்த்தாக வேண்டும். பேரேட்டில் தொகை உதைத்தால் மூலச் சீட்டுகளை எடுத்துப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான்.

உதாரணமாக ஒரு தோட்டத்து நாயை எடுத்துக்கொள்ளலாம். அதன் பெயர் மணி என்றிருக்கட்டும். எஜமானர் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குச் செல்பவர். மாலையில் திரும்புவார். நாய் பகலில் மோட்டார் அறையில் ஒரு சாக்கின்மேல் படுத்திருக்கும். ஒரு நாள் அதன் அடிவயிறு முழுவதும் சிவந்து, நக்கி நக்கி ஈரமாகிக் கிடந்தது. முதல் நாள் மஞ்சளை அரைத்துப் பூசினார்கள். மூன்றாம் நாள் ஜீப்பிலிருந்து கழித்த எண்ணெயைக் கொணர்ந்து தடவினார்கள். ஐந்தாம் நாள் மனிதர்க்குரிய படர்தாமரைக் களிம்பு ஒன்றை மருந்துக் கடையில் வாங்கிப் பூசினார்கள். எதற்கும் அடங்கவில்லை. ஏழாம் நாள் அண்டை வீட்டார் ஒருவர் யோசனை சொன்னார்: “செடிக்கு அடிக்கிற மருந்தில் ஒரு மூடி எடுத்து, வாளித் தண்ணீரில் கலந்து ஊற்று. பூச்சி இருந்தால் செத்துப்போகும்.”

இந்த ஏழாம் நாளைப் பற்றித்தான் முதலிற் பேசவேண்டும். ஏனெனில் நமைச்சலால் சாகும் நாய் அரிது, வைத்தியத்தால் சாகும் நாய் அவ்வளவு அரிதன்று. ஏலச்செடியின் பேனுக்கும், தண்டு துளைக்கும் புழுவுக்கும் முன்னர்த் தெளிக்கப்பட்டு வந்த குயினால்பாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை விஷங்கள், நரம்புகளுக்கும் தசைகளுக்கும் இடையே நடக்கும் வேலையைக் கெடுப்பவை. பூச்சியின் நரம்பு, நாயின் நரம்பு என்ற பேதம் அவற்றுக்குக் கிடையாது. நக்கிப் புண்ணான தோலில் ஊற்றினால் விஷம் விரைந்து உள்ளே செல்லும். எஞ்சியதை நாயே நக்கி விழுங்கும். வாயில் எச்சில் ஒழுகுதல், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், உடல் நடுக்கம், பேதி, மூச்சுத் திணறல் ஆகியவை அடையாளங்கள். அவ்விதம் நேர்ந்துவிட்டால், கையில் உறை மாட்டிக்கொண்டு, சோப்பும் ஏராளமான தண்ணீரும் கொண்டு நாயைக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டையும் எடுத்துக்கொண்டு, கால்நடை வைத்தியரிடம் உடனே ஓடவேண்டும். அட்ரோபின் என்னும் மாற்று மருந்து அவரிடம் உண்டு. காலம் கடந்தால் அதுவும் பயன்படாது. புட்டியின் சீட்டில் அச்சிட்டிருக்கும் முக்கோணக் குறி சிவப்பாயிருந்தால் அது மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலமும் பச்சையும் அவற்றிற் குறைந்தவை. பச்சை என்பதற்காக அதுவும் நாய் மருந்தாகிவிடாது.

ஊரிலுள்ள முதியோர்கள், ‘அந்தக் காலத்தில் கமாக்சின் தூளைத் தூவினோம், நாய் பிழைத்ததே’ என்பார்கள். பிழைத்த நாயை மட்டும் நினைவில் வைத்திருப்பது மனித சுபாவம். கமாக்சின் என்ற பி.எச்.சி. தூள் 1997ஆம் ஆண்டில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. எந்த மூலையிலாவது பழைய பொட்டலம் கிடந்தால் அதை நாய்க்கோ, குழந்தையின் தலைப்பேனுக்கோ உபயோகிப்பது பேராபத்து. கழித்த எஞ்சின் எண்ணெயும் இவ்வகையைச் சேர்ந்ததே. தோலை எரித்து, நக்கும்போது குடலையும் ஈரலையும் கெடுப்பதன்றி, அதனால் நன்மை யாதொன்றும் இல்லை. களிம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: கடைகளில் எளிதாய்க் கிடைக்கும் படர்தாமரைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசிய இரண்டு நாள் சிவப்புத் தணியும். உள்ளே பூஞ்சணம் தடையின்றிப் பரவும். மனிதருக்கே அது கெடுதி செய்துகொண்டிருக்கையில், பூசியதையெல்லாம் நக்கும் பிராணிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. மணியின் வயிற்றில் என்ன நேர்ந்தது என்பதை அறிய வேண்டிய முறை யாது?

பகல் வெளிச்சத்தில், நாய்க்குப் பழக்கமான இருவர் சேர்ந்து அதைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். நோவுள்ள நாய் எஜமானரையும் கடிக்கும். மெல்லிய துணிப்பட்டையால் வாயைச் சிறிது நேரம் கட்டலாம். ஆனால் வெயிலில் இரைக்கும் நாய்க்குக் கட்டலாகாது, அது மூச்சு முட்டிப்போம். குழந்தைகளை அருகில் விடலாகாது. பல் பட்டுவிட்டால், சிறு கீறலாயினும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது கட்டாயம். நம் வீட்டு நாய்தானே என்ற எண்ணம் இதில் உதவாது.

முதலில் செய்யத்தக்க சோதனைக்குக் காசு செலவில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரின் அடிப்பாகத்தைச் சிவந்த இடத்தில் மெல்ல அழுத்தி, கண்ணாடி வழியே நோக்க வேண்டும். அழுத்தும்போது சிவப்பு மறைந்து வெளுத்தால், அது தோலின் அழற்சி, நிதானமாய் ஆராயலாம். எவ்வளவு அழுத்தியும் சிவப்புப் புள்ளிகள் மாறாமல் அப்படியே நின்றால், அது தோலுக்கு அடியில் கசிந்த இரத்தம். அது தோல் வியாதியே அன்று. இப்பிரதேசத்தில் அதற்கு முக்கியமான காரணம் உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது இரத்தத்தில் செலுத்தும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர், இரத்தம் உறைவதற்கு வேண்டிய அணுக்களைக் குறைத்துவிடுகிறது. ஈறு வெளுத்தல், தீனி மறுத்தல், மூக்கில் இரத்தம் வருதல் ஆகியவை கூடவே காணலாம். எலிப் பாஷாணம் தின்ற நாய்க்கும் இவ்விதம் இரத்தக் கசிவு தோன்றும். இரண்டிலும் ஒரு நாள் தாமதமும் ஆபத்து. வயிற்றுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்தால் நாய் இறந்துவிடும். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை வைத்தியர் சுமார் ஒரு மாத காலம் கொடுப்பார். காலத்தில் ஆரம்பித்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

மணிக்குச் சிவப்பு மறைந்தது. ஆகவே அடுத்த கேள்விக்குப் போகலாம்: சிவப்பின் எல்லை எது? வயிறும் மார்பும், அதாவது தரையைத் தொடும் பாகம் மட்டும் சிவந்து, முதுகும் காதும் சுத்தமாயிருந்தால், படுக்கும் இடத்தின் மேல் சந்தேகம் வலுக்கிறது. மோட்டார் அறையில் சென்று பார்த்தால், நாயின் சாக்கு உரமோ மருந்தோ இருந்து காலியான சாக்காயிருக்கும். காலிச் சாக்கு என்று பேரேயன்றி அதன் இழைகளில் தங்கியது தங்கியதுதான். இரவுப் பனியிலும் நாயின் வியர்க்காத உடற்சூட்டிலும் அது கரைந்து தோலில் ஊறும். இதே குற்றத்தை வேறு பொருள்களும் செய்வதுண்டு. பினாயிலைத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றிக் கழுவிய சிமெண்டுத் தரை, பிளீச்சிங் தூள் தூவிய திண்ணை, நீறிய சுண்ணாம்பு கொட்டிய களம், இவற்றின்மேல் படுத்த நாய்க்கு மறுநாளே வயிறு சிவக்கும். மணியின் சாக்கை அகற்றி, வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தி வேட்டியை மடித்துப் போட்டார்கள். தடவிய எண்ணெய் போக, பாத்திரம் கழுவும் மெல்லிய சோப்பு நுரையால் ஒரே முறை கழுவி, பிறகு வெறுந் தண்ணீரில் அலசினார்கள். நக்காமலிருக்க, அடிப்பாகம் வெட்டிய பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கழுத்தில் பொருத்திக் கட்டினார்கள். அதைக் கண்டு தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாய்க்கும் அது பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் தோல் தெளிந்தது. அகற்றிய சாக்கை எரிக்கலாகாது என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்துச் சாக்கின் புகையும் விஷமே.

மலைச் சரிவுக்கு எஜமானருடன் போய்வரும் நாய்களுக்கு வேறு சில காரணங்களும் உள. செந்தட்டிச் செடியின் முட்கள் மனிதரின் காலில் பட்டால் என்ன செய்யுமென்பது எல்லோரும் அறிந்ததே. வயிற்றில் பட்டாலும் அதே. பூனைக்காலிக் காயின் சுணை அதனினும் கொடிது. 1950களில் இத்தேசத்தில் பரவத் தொடங்கிய பார்த்தீனியச் செடி இன்று தரிசு நிலமெங்கும் மண்டியிருக்கிறது. அதுவும் தோலுக்குப் பகையே. இவற்றுக்கெல்லாம் குணம் ஒன்று: திடீரெனத் தோன்றும், கழுவினால் ஓரிரு நாளில் தணியும், அதே வழியில் போனால் மறுபடி வரும். மழைக்காலத்து அட்டைக் கடியைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. அட்டை விழுந்த இடத்தில் உப்பு வைத்துத் தேய்க்காமல் தண்ணீரால் கழுவினால் போதும்.

குட்டி நாயின் வயிற்றில் சீழ் வைத்த சிறு பருக்கள் வந்தால் பயப்பட வேண்டுவதில்லை. ஈரப் படுக்கையும், வயிற்றுப் புழுவும், போதாத தீனியுமே அதற்குப் பெரும்பாலும் காரணம். படுக்கையை உலர வைத்து, புழு மருந்து கொடுத்தால் தானே ஆறும். கொக்கிப்புழுவை இவ்விடத்தில் மறக்கலாகாது. நாயின் மலத்தோடு விழும் அதன் முட்டைகள் ஈர மண்ணில் பொரித்து, அப்புழுக்கள் பாதத்தின் வழியாகவும் வயிற்றின் வழியாகவும் தோலைத் துளைத்து நுழையும். அந்த மண்ணில் வெறுங்காலோடு நடக்கும் குழந்தையின் தோலிலும் அது நுழைந்து, வளைந்து வளைந்து செல்லும் சிவந்த கோடுகளை உண்டாக்கும். ஆகவே நாய்க்குப் புழு மருந்து என்பது வீட்டுச் சுகாதாரமும் ஆகும்.

மணியின் கதை அத்துடன் முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து வயிறு மறுபடி சிவந்தது. வீட்டார் முன் அநுபவத்தால் ‘மறுபடியும் சாக்குத்தான்’ என்று தீர்மானித்துப் படுக்கையை மாற்றிப் பார்த்தனர். மூன்று வாரம் சென்றது. நமைச்சல் அதிகரித்ததேயன்றிக் குறையவில்லை. இங்கே அவர்கள் செய்த பிழை, ஒரே இடத்தில் வரும் சிவப்புக்கு ஒரே காரணம் என்று கொண்டது. இம்முறை குறிகள் வேறாயிருந்தன. நாய் இரவிலும் உறங்காமல் சொறிந்தது. காதோரத்திலும் முழங்கை முனையிலும் வறண்ட பொருக்குத் தோன்றிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, நாயைக் கட்டிப்பிடித்து விளையாடும் சிறுமியின் முன்கையிலும் இடுப்பிலும் சிறு சிறு சிவந்த கொப்புளங்கள் கண்டன. சாக்கின் மருந்து சிறுமியிடம் வராது. நாயிடமிருந்து மனிதரிடம் வருவது வேறொன்று.

இதில் இரண்டு சந்தேகங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று தெள்ளுப்பூச்சி. வெள்ளைத் துணியை நனைத்து விரித்து, அதன்மேல் நாயின் மயிரைச் சீப்பால் வாரினால் கருந்தூள் உதிரும். அத்தூள் துணியின் ஈரத்தில் செம்பழுப்பாய்க் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது நாயின் இரத்தமே. கரையாவிட்டால் வெறும் மண். தெள்ளின் நமைச்சல் பெரும்பாலும் வாலடியிலும் தொடையின் உட்புறத்திலும் தொடங்கும். இரண்டாவது சொறிப்பூச்சி. அதற்குக் காதுச் சோதனை: நாயின் காது மடலின் ஓரத்தை விரல்களுக்கிடையே மடித்துத் தேய்த்தால், பின்னங்கால் தானாகவே காற்றில் சொறியத் தொடங்கும். அவ்விதம் செய்யும் நாய்க்குச் சொறிப்பூச்சி இருக்கலாம் என்ற ஐயம் மிக வலுப்படும். மணிக்கு அவ்வாறே கால் ஆடிற்று.

சொறிப்பூச்சி என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு அளவேயுள்ள பிராணி. பெண் பூச்சி தோலின் மேற்படலத்தில் வளை தோண்டி முட்டையிடும். முட்டை பொரித்துப் பெரிதாகி மறுபடி முட்டையிடச் சுமார் மூன்று வாரம் செல்லும். இது விஷயத்தில் படித்தவர்களுக்கு ஒரு பழைய வெட்கம் உண்டு. இத்தாலி தேசத்தில் ஏழைப் பெண்கள் தங்கள் குழந்தைகளின் சொறியிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்து நசுக்குவதைக் கண்டு, போனோமோ என்ற வைத்தியர் 1687ஆம் ஆண்டிலேயே அப்பூச்சியைப் படம் வரைந்து வெளியிட்டார். ஆயினும் பெரிய வைத்தியர்கள் பலர், சொறி என்பது கெட்ட இரத்தத்தால் வருவது என்று மேலும் நூற்றைம்பது வருஷம் சாதித்து வந்தனர். 1834ஆம் ஆண்டில் கோர்சிகாத் தீவைச் சேர்ந்த ரெனுச்சி என்ற மாணவர், பாரிஸ் நகரத்துச் செயிண்ட் லூயி வைத்தியசாலையில், தம் தீவின் எளிய பெண்கள் செய்வதைப் போலவே ஓர் ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டிய பின்னரே வாதம் ஓய்ந்தது. கெட்ட இரத்தம் என்ற பேச்சு இன்னும் நம் ஊர்களில் ஓயவில்லை. சொறிநாய்க்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதி செய்விப்பவர்கள் இன்றும் உளர்.

சிறுமியைக் குறித்து வீட்டார் கலங்கினர். நாயிடமிருந்து வரும் அப்பூச்சி மனிதரின் தோலில் பெருகுவதில்லை. நாய் குணமானால் அவளுக்கும் சில வாரங்களில் நமைச்சல் தானே நீங்கும். நீங்காவிடில் மனிதச் சொறியாயிருக்கலாம். அதற்கு வீட்டிலுள்ள அனைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டுமாதலால் டாக்டரிடம் காட்டவேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, கால்நடை வைத்தியர் தோலைச் சிறிது சுரண்டி நுண்காட்டியில் பார்ப்பார். பூச்சி ஒரே சுரண்டலில் அகப்படாமலும் போகும். அகப்படவில்லை என்பதால் இல்லை என்று கொள்வதில்லை. குறிகளைக் கொண்டே மருந்து கொடுப்பது வழக்கம். முற்காலத்தில் கந்தகமே பிரதானம். சுண்ணாம்புக் கந்தகக் குளியல் வாரம் ஒருமுறையாகப் பலமுறை செய்விப்பார்கள். நாற்றம் பொறுத்தால் இன்றும் நல்ல மருந்தே. பின்னர் ஜப்பான் தேசத்து மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்டின் என்ற மருந்து பிறந்தது. அதைக் கண்டுபிடித்த ஒமுரா, கேம்பல் என்ற இருவருக்கும் 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டுக்குப் போட்ட ஊசியில் மிச்சம் இருக்கிறதென்று கண்மதிப்பாய் நாய்க்குப் போடுவது பெருங்குற்றம். மாட்டு மருந்தில் ஒரு சொட்டு மிகுந்தாலும் சிறு நாய்க்கு அதிகம். அன்றியும் கோலி போன்ற சில மேய்ப்பு நாயினங்களும் அவற்றின் கலப்புகளும் அம்மருந்தைத் தாங்கா. தற்காலத்தில் புளூராலனர், அபாக்சோலனர் முதலிய மாத்திரைகள் வந்துள்ளன. தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி மூன்றுக்கும் அவை பயன்படும். வலிப்பு வந்த நாயாயிருந்தால் அதை வைத்தியரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பூனை வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு நஞ்சாகும்.

வேப்பெண்ணெயைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மேற்பூச்சாக அது தோலுக்குச் சிறிது இதம் தரக்கூடும். ஈ மொய்ப்பதையும் ஓரளவு தடுக்கும். தோலுக்குள் வளை தோண்டியிருக்கும் பூச்சியை அது ஒன்றே ஒழிக்குமென்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் தவறு. மயிர் வட்டவட்டமாய் உதிர்ந்து செதில் படிந்தால் படர்தாமரை. அதுவும் மனிதருக்கு ஒட்டும். இளம் நாய்க்கு நமைச்சலே இன்றி முகத்திலும் காலிலும் மயிர் கொட்டினால், மயிர்க்காலில் வாழும் வேறொரு பூச்சி. அது பிற நாய்க்கும் மனிதருக்கும் ஒட்டாது. இவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்ப்பது வைத்தியருக்கே கடினம்.

மணிக்கு வைத்தியர் மருந்து கொடுத்தார், நமைச்சல் குறைந்தது. ஆனால் இந்த வியாதியில் ஒரு வீட்டின் முயற்சி அந்த வீட்டுடன் நிற்பதில்லை. மணியுடன் இரவில் சேர்ந்து குரைக்கும் அடுத்த தோட்டத்து நாயும், தெருமுனையில் மூலையில் சுருண்டு கிடக்கும் யாருக்கும் சொந்தமில்லாத நாயும் சிகிச்சையின்றி இருக்கும்வரை, மணியிடம் பூச்சி மறுபடி ஏறும். மருந்துச் செலவு மறுபடி மறுபடி ஒருவர் தலையிலேயே விழும். மூன்றாம் முறை வியாதி கண்டபோது அவர்தாம் நாயை ஜீப்பில் ஏற்றிக் காட்டில் இறக்கிவிட நினைத்தவர். அது கொடுமையன்றியும் சட்ட விரோதம். தக்க காரணமின்றிப் பிராணியைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அவர் கொடியவர் அல்லர். தனியாய் நின்றதால் சோர்ந்தவர். கைவிட்ட நாயும் பூச்சியோடுதான் மற்றோர் ஊரில் நுழைகிறது.

இந்த இடத்தில்தான் சங்கத்தின் வேலை வருகிறது. கடனைப் போல் இதிலும் ஒருவர் பொறுப்பு மற்றவருடையதோடு பிணைந்தே நிற்கிறது. ஒரே தெருவிலுள்ள நாய்கள் யாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, அன்றே எல்லாப் படுக்கைகளையும் கொதிநீரில் இட்டு வெயிலில் காயப்போட்டு, வைத்தியர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் இரண்டு வாரத்தில், மறுபடி கொடுத்தால், பூச்சிக்கு ஏறிக்கொள்ள நாய் கிடையாது. தெள்ளுக்கும் இதுவே வழி. தெள்ளின் முட்டையும் புழுவும் கூடும் நாயின்மேல் அல்ல, படுக்கையிலும் தரைப் பிளவிலுமே பெரும்பாலும் தங்குகின்றன. கூட்டிலிருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருந்து, நாய் வந்து படுத்ததும் வெளிப்படும். மருந்தை மொத்தமாய் வாங்குவதால் விலையும் சிறிது குறையும். நாயின் எடைக்கேற்ப மருந்தின் அளவு மாறுமாதலால், முன்கூட்டியே சங்கத்தின் தராசில் நாய்களை நிறுத்துக் குறித்து வைப்பது உசிதம். தெருநாயின் செலவை யார் ஏற்பது என்பதில் தகராறு எழும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைப் பொது நிதியிலிருந்து எடுப்பதா, வீட்டுக்கு இவ்வளவென்று வசூலிப்பதா என்பதை அங்கத்தினர்கள் தங்களுக்குள் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

ஜூலை மாதம் 6ஆம் தேதி உலகெங்கும் பிராணிகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்குரிய தினமாக அநுஷ்டிக்கப்படுகிறது. 1885ஆம் ஆண்டில் அதே தேதியில்தான் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போடச் செய்தார். அதையொட்டிக் கால்நடை மருந்தகங்கள் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதுண்டு. நாய்களைக் கூட்டிச் செல்லும் அன்றே வயிற்றையும் காதோரத்தையும் வைத்தியரிடம் காட்டிவிடலாம். வேறு நாள் குறிப்பதாயிருந்தால் காலையில் வைக்கலாகாது. மலைக்குப் போனவர்களின் ஜீப்புகள் மாலையில்தான் இறங்குகின்றன. பிடிப்பதற்கு எஜமானர் இல்லாத நாயை மருந்தகத்துக்கு அழைத்துப் போக எவராலும் முடியாது. ஆதலின் வைத்தியரின் சௌகரியத்தையும் கேட்டு, ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்து, வீட்டுக்கு ஒருவர், ஒரு கயிறு, ஒரு துணிப்பட்டை, நாய் சென்ற மாதம் எங்கெங்கே படுத்தது என்ற குறிப்பு ஆகியவற்றுடன் வரும்படி சங்கத்தின் காரியதரிசி முன்னதாகவே சொல்லி வைக்கவேண்டும்.